வி7, ஸ்க்ராம்ப்ளர், சூப்பர்வெலோச்சே: ஒரே ஒரு இத்தாலிய பைக் வாங்குவதென்றால் எது?

சூரிச்சில் இருக்கும் நண்பர் ஒருவர் போன குளிர்காலம் முடியும் நேரத்தில் போன் செய்தார். "வாழ்க்கையில் ஒரே ஒரு இத்தாலிய பைக்தான் வாங்கப்போகிறேன். பார்க்கப் பழைய வண்டி மாதிரி இருக்கணும், நம்பி ஓட்டப் புது வண்டியா இருக்கணும். வாங்கினால் பதினைந்து வருஷம் வைத்திருப்பேன். எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருந்தார்: மோட்டோ குஸ்ஸி வி7, டுகாட்டி ஸ்க்ராம்ப்ளர், எம்வி அகஸ்டா சூப்பர்வெலோச்சே. சனி ஞாயிறுகளில் மூன்றையும் ஓட்டிப் பார்த்தோம். அவரிடம் நான் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் மிலானில் வேலை பார்க்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு வி7, 750 சிசி காலத்து மாடல். அதனால் குஸ்ஸி பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயரும். ஆனால் மற்ற இரண்டுக்கும் உரிய மரியாதையைக் குறைக்கப் போவதில்லை. ஸ்க்ராம்ப்ளரை ஓட்டிவிட்டு இறங்கும்போது இருவருமே சிரித்துக்கொண்டுதான் இறங்கினோம்.

ரெட்ரோ, அதாவது பழைய பாணி, என்றதும் வட்ட ஹெட்லைட், நீர்த்துளி வடிவ டேங்க், தையல் போட்ட நீள சீட் என்று கண்ணுக்குத் தெரியும் பொருள்கள்தான் நினைவுக்கு வரும். அவற்றை எந்தக் கம்பெனியும் எந்த வண்டியிலும் மாட்டிவிடலாம். நான் தேடுவது வேறு. அந்தக் கம்பெனி ஒரு காலத்தில் ஒரு பிரச்சினைக்கு ஒரு வழி கண்டுபிடித்தது இல்லையா, அந்த வழி இன்று விற்கும் வண்டியின் இன்ஜினுக்குள் இன்னும் வேலை செய்கிறதா? செய்தால் அந்தப் பாரம்பரியத்துக்குக் காசு கொடுக்கலாம். டேங்க்கில் ஒட்டிய பெயரோடு முடிந்துவிட்டதென்றால் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கேள்வியால்தான் இன்னும் இரண்டு இத்தாலியப் பெயர்களை ஆரம்பத்திலேயே தள்ளிவைத்தோம். ஒன்று பெனெல்லி. 1911-இல் பெசாரோ ஊரில் தெரேசா பெனெல்லி என்ற விதவைத் தாய், தன் ஆறு மகன்களுக்கும் ஒரு பிழைப்பு வேண்டும் என்று குடும்பச் சொத்தைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்த கம்பெனி அது. மனதைத் தொடும் கதைதான். இன்று அது சீனாவின் கியான்ஜியாங் கையில், 2005 முதல். லியோன்சினோ என்ற பெயர் ஐம்பதுகளில் பெனெல்லி செய்த 125 சிசி வண்டியின் பெயர். பெயர் திரும்பி வந்திருக்கிறது, அந்தப் பழைய வண்டியின் இன்ஜினுக்கும் இன்றைய 500 சிசி இன்ஜினுக்கும் தொடர்பில்லை. இன்னொன்று மோட்டோ மோரினி. எழுபதுகளில் ஃப்ராங்கோ லம்பெர்த்தினி வடிவமைத்த அவர்களின் மூன்றரை, அதாவது 350 சிசி வண்டி, 72 டிகிரி வி-ட்வின் இன்ஜினோடு வந்தது. அந்த இன்ஜினுக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இங்கே இன்னும் உண்டு. இன்று அவர்கள் விற்கும் ஆறரை, அதாவது 650 சிசி வண்டியின் பெயர், அதை நினைவூட்டுகிறது. ஆனால் உள்ளே இருப்பது பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு சிலிண்டர், வி வடிவம் போய்விட்டது. இரண்டும் விலைக்கு ஏற்ற நல்ல வண்டிகள். நண்பர் தேடியது அவற்றில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, மூன்றுக்கு வருவோம்.

சூப்பர்வெலோச்சேயைப் பார்த்தவுடன் நண்பர் பேச்சை நிறுத்திவிட்டார். முன்பக்கம் வட்டமாக மூடிய பழைய ரேஸ் வண்டி முகம், டேங்க்குக்குக் குறுக்கே ஒரு தோல் பட்டை. அழகில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. வரலாறும் சாதாரணமானதல்ல. அகஸ்டா குடும்பம் விமானம் கட்டிய குடும்பம். போரில் தோற்ற இத்தாலி விமானம் கட்டக்கூடாது என்று ஆனபோது, 1945-இல் தொமெனிக்கோ அகஸ்டா ஆலையை பைக் பக்கம் திருப்பினார். முதல் வண்டி 98 சிசி. எம்வி என்றால் வெர்கேரா ஊரின் இயந்திரத் தொழில் என்று பொருள். சர்ட்டீஸ், ஹெயில்வுட், ஃபில் ரீட் என்ற பந்தய வீரர்கள் எல்லாரும் அந்த வண்டியில் உலகப் பட்டம் வாங்கியவர்கள். ஜியாக்கோமோ அகஸ்டினியின் 15 உலகப் பட்டங்களில் 13 எம்வியில் வந்தவை. அவர் ஜெயித்த 311 பந்தயங்களின் நினைவாக சூப்பர்வெலோச்சேயில் 311 வண்டிகள் மட்டும் கொண்ட ஒரு பதிப்பே வந்தது.

இன்ஜின் 798 சிசி, மூன்று சிலிண்டர், 147 ஹெச்பி. அறுபதுகளில் அகஸ்டினி ஓட்டியதும் மூன்று சிலிண்டர்தான். ஆகவே என் கேள்விக்கு இந்த வண்டி ஓரளவு நல்ல பதிலே சொல்கிறது. ஆனால் நடுவில் சங்கிலி அறுந்திருக்கிறது. 1976 பந்தய சீசனோடு அகஸ்டா குடும்பம் களத்தை விட்டது. பிறகு பெயரை வாங்கியவர்கள் கஜீவா பைக் கம்பெனியின் காஸ்திலியோனி குடும்பம். வரேசே ஏரிக்கரையில் ஸ்கிரான்னாவில் இன்று இருக்கும் ஆலை அவர்கள் வழியாக வந்தது. 2008-இல் ஹார்லி டேவிட்சன் வாங்கியது, 2010-இல் திருப்பிக் கொடுத்தது. 2022-இல் கேடிஎம் குழுமம் பங்கு வாங்கியது, 2024-இல் பெரும்பான்மையை எடுத்தது, அதே ஆண்டு இறுதியில் கேடிஎம்மே கடனில் தத்தளித்தது, முன்பு சொந்தக்காரராக இருந்த சர்தாரோவ் குடும்பத்திடம் மறுபடி வந்தது. பதினைந்து வருஷம் வைத்திருக்கப்போகிறவர் இந்த வரிசையைப் பார்க்கத்தான் வேண்டும். வண்டி நல்லதா என்பது ஒரு கேள்வி. பத்தாவது வருஷத்தில் ஒரு சென்சார் போனால் யாரிடம் கேட்பது என்பது இன்னொரு கேள்வி. வேறு ஒரு கம்பெனியின் வண்டிக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் வருவதற்காக ஒரு முழு கோடைக்காலமும் காத்திருந்த அனுபவம் நண்பருக்கே உண்டு, அதனால் நான் அதிகம் விளக்க வேண்டி இருக்கவில்லை.

இன்னொன்று, உட்காரும் முறை. கைப்பிடி தாழ்ந்து, கால் பின்னால் போய், முதுகு வளைந்து ரேஸ் ஓட்டுகிறவர் மாதிரி உட்கார வேண்டும். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு பேச ஆரம்பிக்கும். நண்பருக்கு நாற்பத்தெட்டு வயது, பின்னால் மனைவியும் வருவார். விலையோ மற்ற இரண்டைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. அழகுக்காக வீட்டில் நிறுத்தி வைத்து, மாதம் ஒரு முறை காலையில் ஒரு மணி நேரம் எடுக்கிறவருக்கு நான் இதையே சொல்வேன். அவருக்கு இல்லை.

ஸ்க்ராம்ப்ளர் அப்படித் தள்ளிவிடக்கூடிய வண்டி அல்ல. மூன்று நாள் யோசிக்க வைத்தது.

டுகாட்டி பைக் கம்பெனியாகப் பிறக்கவில்லை. 1926-இல் பொலோஞாவில் அந்தோனியோ கவாலியேரி டுகாட்டியும் அவர் மகன்களும் ரேடியோ உதிரிபாகம் செய்யத்தான் ஆரம்பித்தார்கள். போர்கோ பனிகாலே ஆலை 1944 அக்டோபரில் குண்டுவீச்சில் நொறுங்கியது. போர் முடிந்ததும் சைக்கிளில் மாட்டி ஓட்டும் குச்சோலோ என்ற 48 சிசி குட்டி இன்ஜினைக் கட்ட ஆரம்பித்ததில்தான் பைக் கதை தொடங்குகிறது. குச்சோலோ என்றால் நாய்க்குட்டி. 1954-இல் இன்ஜினியர் ஃபாபியோ தாலியோனி வந்து சேர்ந்தார். வால்வை மூட ஸ்ப்ரிங்கை நம்பாமல், திறப்பதற்கு ஒன்று மூடுவதற்கு ஒன்று என்று கேம் வைத்து இழுக்கும் டெஸ்மோ முறையைப் பந்தய வண்டியில் நம்பகமாக ஓடவைத்தவர் அவர்.

ஸ்க்ராம்ப்ளர் என்ற யோசனை இத்தாலியில் உதித்ததல்ல என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் டுகாட்டி இறக்குமதி செய்த பெர்லினர் சகோதரர்கள், எங்கள் ஊர்ப் பையன்கள் மண்ணிலும் ஓட்டுவார்கள், அகலமான கைப்பிடியோடு ஒன்று கொடுங்கள் என்று கேட்டதால் 1962-இல் வந்த ஒற்றை சிலிண்டர் வண்டி அது. இன்றைய ஸ்க்ராம்ப்ளர் 2014-இல் அறிமுகமானது, ஆனால் ஒற்றை சிலிண்டர் இல்லை. 803 சிசி, காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர், 73 ஹெச்பி. ஆகவே பெயர் ஒரு வண்டியுடையது, இன்ஜின் இன்னொரு குடும்பத்துடையது. அந்த இன்னொரு குடும்பம் 1979-இல் தாலியோனி கொடுத்த பன்டா. கேம்மை ரப்பர் பல் பட்டையால் சுழற்றும் இரட்டை சிலிண்டர் டெஸ்மோ அங்கிருந்துதான் ஆரம்பம். மான்ஸ்டர் என்ற டுகாட்டி மாடல் வழியாக இன்றைய ஸ்க்ராம்ப்ளர் வரை அதே ரத்தம். டுகாட்டியின் மற்ற வண்டிகள் தண்ணீர்க் குளிர்ச்சிக்குப் போய்விட்ட நிலையில், தாலியோனியின் கை இன்னும் தெரியும் இன்ஜின் இது என்பதற்காகவே இதை மதிக்க வேண்டும். பெயர்ப்பலகையை வைத்து ரெட்ரோ என்பதைவிட, இன்ஜினை வைத்து ரெட்ரோ என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஓட்டினால் லேசு. பெட்ரோலோடு 185 கிலோவை ஒட்டித்தான் வருகிறது, வி7-ஐவிட முப்பது கிலோவுக்கு மேல் குறைவு. வண்டியை வளைவில் படுக்க வைக்க யோசனை போதும், கை அழுத்தமே வேண்டாம் என்று தோன்றும். நகருக்குள் சிக்னல் சிக்னலாக ஓட்டுகிறவருக்கு வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். டீலர் வலையும் மூன்றில் பெரியது. கம்பெனி ஆடி (Audi) கார் குழுமத்தில் 2012 முதல் இருக்கிறது, நாளைக்கு யாரிடம் போவது என்ற கவலை இல்லை. ஆசியச் சந்தைக்குப் போகும் டுகாட்டிகளில் பல தாய்லாந்தின் ராயோங் ஆலையில் பூட்டப்படுபவை. வண்டியின் தரத்தில் அதனால் குறை ஒன்றும் இல்லை, ஆனால் பொலோஞாவில் செய்தது என்பதற்காகவே வாங்குகிறவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் ஏன் இதோடு முடிக்கவில்லை? மூன்று காரணம். டேங்க் சின்னது, பதினான்கு லிட்டருக்குள். சூரிச்சிலிருந்து மலைக் கணவாய் ஏறி இறங்குகிறவருக்கு பெட்ரோல் பங்க் நினைப்பு கூடவே வரும். செயின் இருக்கிறது. ஐந்நூறு அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெய் பூசுவது, இறுக்கம் பார்ப்பது, சில வருஷத்தில் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் மாற்றுவது. மூன்றாவதுதான் முக்கியம். டெஸ்மோ டேப்பட்டை, அதாவது வால்வை இயக்கும் பாகங்களின் இடைவெளியை, 12,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், பல் பட்டையைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். திறக்கும் பக்கம், மூடும் பக்கம் இரண்டுக்கும் இடைவெளி அளந்து, அளவுக்குத் தகுந்த ஷிம் என்ற சின்னத் தகட்டைத் தேடிப் போட வேண்டும். கை பழகிய மெக்கானிக்குக்கு அது பிரமாதமான வேலை. கராஜில் சொந்தமாகப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அது எட்டாது. நண்பர் இந்த இரண்டாவது ரகம்.

மாண்டெல்லோவிலிருந்து

லெக்கோவிலிருந்து கோமோ ஏரியின் கிழக்குக் கரை ஓரமாகவே வடக்கே போகும் பழைய சாலையில் பத்து நிமிஷம் ஓட்டினால் மாண்டெல்லோ தெல் லாரியோ வரும். இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் க்ரீன்யா மலையின் செங்குத்துப் பாறை, நடுவில் இருக்கும் கொஞ்சம் இடத்தில் ஊர். அந்த ஊருக்குள் மோட்டோ குஸ்ஸி ஆலை. 1921-இலிருந்து அதே இடம். சொந்தக்காரர்கள் மாறியிருக்கிறார்கள்: 1973-இல் தெ தொமாசோ, 2000-இல் அப்ரிலியா, 2004-இல் பியாஜியோ. வண்டி வெளியே வரும் கதவு மாறவில்லை. எம்வியைப் பற்றிச் சொன்ன அதே கேள்வியை இங்கே கேட்டால், சொந்தக்காரர் மாறியும் ஊர் அறுந்துபோகவில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த பதில்.

தொடக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் டேங்க்கில் இருக்கும் கழுகுக்கு அதுதான் காரணம். முதல் உலகப் போரில் இத்தாலிய விமானப் படையில் ஒன்றாக இருந்த மூன்று பேர். கார்லோ குஸ்ஸி மெக்கானிக், ஜார்ஜோ பரோதியும் ஜொவான்னி ரவெல்லியும் விமானிகள். போர் முடிந்ததும் சேர்ந்து பைக் கட்டுவோம் என்று பேசி வைத்திருந்தார்கள். குஸ்ஸி கட்டுவது, ஜெனோவாவின் கப்பல் குடும்பத்துப் பிள்ளையான பரோதி பணம் பார்ப்பது, ஏற்கெனவே பைக் பந்தயக்காரரான ரவெல்லி ஓட்டி ஜெயிப்பது. போர் முடிந்த மறு வருஷம், 1919-இல், ரவெல்லி விமான விபத்தில் இறந்துபோனார். மற்ற இருவரும் பேச்சை விடவில்லை. பரோதியின் அப்பா சோதனைக்கு 2,000 லிரா வரை தருவதாகவும் அதற்கு மேல் போகக்கூடாது என்றும் கண்டிப்பாக எழுதிக் கொடுத்த பணத்தில் முதல் வண்டி உருவானது. விமானப் படைச் சின்னத்தின் விரித்த சிறகுக் கழுகை ரவெல்லியின் நினைவாக டேங்க்கில் வைத்தார்கள். நூறு வருஷம் தாண்டியும் அது அங்கேயே இருக்கிறது. அந்தக் கழுகைப் பார்க்கும்போது இந்த மூன்றாவது ஆளை நினைக்காமல் எனக்கு வண்டியை ஸ்டார்ட் செய்ய வருவதில்லை.

முதல் வண்டி 498 சிசி, ஒற்றை சிலிண்டர், எட்டு ஹெச்பி. சிலிண்டர் நிமிர்ந்து நிற்காமல் தரைக்கு இணையாக முன்பக்கம் படுத்திருக்கும். காற்று நேராகப் படும், கனம் கீழே இருக்கும். அந்த யோசனை எழுபதுகள் வரை குஸ்ஸியில் ஓடியது. 1928-இல் கார்லோவின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜூசெப்பே, பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் வைத்த வண்டியொன்றை ஓட்டிக்கொண்டு ஆர்க்டிக் வட்டம் வரை போய் வந்தார். பின் சஸ்பென்ஷன் வண்டியை ஆட்டம் காண வைக்கும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. 1950-இல் முழு பைக்கையும் ஆளோடு நிறுத்திக் காற்று விட்டுப் பார்க்கும் சுரங்கத்தை மாண்டெல்லோ ஆலைக்குள்ளேயே கட்டினார்கள். 1955-இல் குஸ்ஸியின் இன்ஜினியர் ஜூலியோ செசாரே கார்கானோ 500 சிசிக்குள் எட்டு சிலிண்டர் வைத்தார். ஒரு பைக்கில் எட்டு சிலிண்டர்! 1957-இல் பந்தயத்தை விட்டபோது அதுவும் நின்றது.

அதே கார்கானோதான் குஸ்ஸியைக் காப்பாற்றிய இன்ஜினையும் கொடுத்தார். இத்தாலியப் போலீஸுக்கு நெடுந்தூரம் ஓடியும் மெக்கானிக்கைத் தேடாத வண்டி வேண்டியிருந்தது. 90 டிகிரி வி வடிவில் இரண்டு சிலிண்டர்களை வண்டியின் இரு பக்கமும் நீட்டி வைத்தார். இரண்டிலும் காற்று ஒரே மாதிரி படும், டேப்பட் கவர் இரண்டும் கைக்கு எட்டும். இன்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்குச் செயின் இல்லை, கார் மாதிரி ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு. 703 சிசியோடு 1965 மிலான் கண்காட்சியில் வைத்து 1967-இல் விற்பனைக்கு வந்த அந்த வண்டிதான் முதல் வி7. 1971-இல் அடுத்த இன்ஜினியர் லீனோ தொந்தி அந்த இன்ஜினுக்கு மேலே உட்கார்ந்திருந்த டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரை பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க்கின் முன்முனைக்குக் கொண்டுவந்தார். மேலே இடம் கிடைத்ததும் ஃப்ரேமைத் தாழ்த்தி, அதன் குழாய்களை நேர்க்கோட்டில் அமைத்தார். வி7 ஸ்போர்ட் பிறந்தது. இன்றைய வி7-இன் டேங்க் கோட்டில் தெரிவது அந்த வண்டியின் சாயல்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய வி7-இல் இருப்பது கார்கானோவின் பெரிய இன்ஜின் இல்லை. தொந்தி 1977-இல் வி35, வி50 வண்டிகளுக்காகச் செய்த சின்ன இன்ஜினின் பேரன் அது. விற்பவர்கள் 1967 என்று சொல்லும்போது பாதியைத்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு இது குறையாகப் படவில்லை. பக்கவாட்டில் நீட்டிய 90 டிகிரி வி, காற்றுக் குளிர்ச்சி, வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ் ராட் கம்பி, திருகும் நட்டும் வைத்த டேப்பட், காரில் உள்ளது போன்ற உலர் கிளட்ச், ஷாஃப்ட். கார்கானோ அன்று எந்தக் காரணத்துக்காக இதையெல்லாம் செய்தாரோ, அதே காரணத்துக்காக இன்றும் அது வேலை செய்கிறது.

டீலர் முற்றத்தில் நண்பர் முதன்முறை வி7-ஐ ஸ்டார்ட் செய்ததைச் சொல்கிறேன். கியர் போடாமல், உட்கார்ந்தபடி, த்ராட்டிலை ஒரு திருகு திருகினார். வண்டி முழுவதும் வலப்பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து திரும்பி வந்தது. பயந்து வலக் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டார். ஒன்றும் கெடவில்லை. கிராங்க் வண்டியின் நீளவாக்கில் கிடக்கிறது. அது வேகமெடுக்கும்போது வண்டியின் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கிறது. ஓட ஆரம்பித்துவிட்டால் தெரியாது. இரண்டாவது திருகில் அவர் சிரித்தார். மூன்றாவது, நான்காவது திருகு தேவையே இல்லாமல் போட்டார். இந்தச் சாய்வை எந்த டிசைனரும் ரெட்ரோவுக்காகச் சேர்த்து வைக்கவில்லை. இன்ஜினை இப்படித்தான் படுக்க வைப்போம் என்று அறுபதுகளில் எடுத்த முடிவு இன்னும் ஓட்டுகிறவரின் தொடையில் வந்து தட்டுகிறது.

அன்று மாலை என் கராஜில் டேப்பட் பார்க்கும் வேலையைக் காட்டினேன். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் பொறுமை கேட்கும் இடம். கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, கவரை வெளிப்பக்கம் இழுத்தால் வால்வை அழுத்தும் ராக்கர் கண்ணுக்கு நேரே. டேங்க்கைத் தூக்க வேண்டாம், ரேடியேட்டர் இல்லை, முழங்கால் போட்டு உட்கார்ந்தால் போதும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டு இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், வெண்ணெயில் கத்தி போவது போல. பிடிக்கவில்லையென்றால் நட்டைத் தளர்த்தி, திருகை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி நட்டை இறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரம். நண்பர் தானே ஒரு பக்கம் செய்தார். கை முழுக்க எண்ணெய். அப்போதே அவர் முடிவு எடுத்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

வி7-இன் குறைகளையும் எழுதிவிடுகிறேன். 218 கிலோ, நிறுத்தித் தள்ளும்போது தெரியும். 850 சிசியில் 2021-இல் 65 ஹெச்பி, 2025-இல் 67 ஹெச்பி. அதிவேகச் சாலையில் 130-க்கு மேல் அவசரமாக முந்த வேண்டுமென்றால் ஸ்க்ராம்ப்ளர் கை கொடுக்கும் அளவுக்கு இது கொடுக்காது. ஸ்டோன், ஸ்பெஷல் என்ற இரண்டு வகைகளிலும் முன்னால் ஒற்றை டிஸ்க்தான். பின் ஷாக் அப்சார்பருக்குப் பயண தூரம் குறைவு, பள்ளமான சாலையில் இடுப்புக்குச் சேதி வரும். கால் நீளமானவர்களுக்கு முழங்கால் சிலிண்டர் ஹெட்டைத் தொட வாய்ப்புண்டு. வாங்குவதற்கு முன் பத்து நிமிஷமாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கடையில் நின்றபடி அல்ல, காலை மிதிக்கட்டையில் வைத்து.

இவற்றுக்கு எதிரே 21 லிட்டர் டேங்க். நிதானமாக ஓட்டினால் ஒரு தடவை நிரப்பி 350 கிலோமீட்டர் தாண்டலாம். 780 மில்லிமீட்டர் சீட், கால் ஊன்ற யாருக்கும் சிரமமில்லை, பின்னால் உட்கார்கிறவருக்கும் உண்மையான இடம் இருக்கிறது. நிமிஷத்துக்கு 5,000 சுற்றுக்குள்ளேயே முழு இழுவை கிடைப்பதால் மலை வளைவில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மூன்றாவதில் போட்டுவிட்டால் அதுவே ஏறும். ஐரோப்பாவில் சக்தி குறைந்த வண்டிகளுக்கான ஏ2 லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 35 கிலோவாட்டாகக் குறைத்த வண்டியும் உண்டு.

எந்த வி7 என்பது அடுத்த கேள்வி. கையில் காசு குறைவென்றால் 2017 முதல் 2020 வரை வந்த வி7 III-ஐப் பழைய வண்டியாக வாங்கலாம். 744 சிசி, 52 ஹெச்பி. வேகம் குறைவு, ஆனால் மெதுவாக ஓட்டும்போது 850-ஐவிட மென்மை. அதற்கு முந்தைய 2008 மாடல்கள் இன்னும் மலிவு, ஆனால் ஐந்து கியர்தான், ஏபிஎஸ்ஸும் கிடையாது. மழையில் மலை இறங்குகிறவருக்கு ஏபிஎஸ் இல்லாததை நான் சொல்ல மாட்டேன். புதிதாக வாங்கினால் ஸ்டோனில் அலாய் சக்கரம், ஒற்றை டிஜிட்டல் மீட்டர். ஸ்பெஷலில் கம்பிச் சக்கரம், முள் ஓடும் இரண்டு வட்ட மீட்டர், குரோம். 2025-இல் வந்த வி7 ஸ்போர்ட்டில் தலைகீழ் ஃபோர்க்கும் முன்னால் இரண்டு டிஸ்க்கும் இருக்கின்றன, பிரேக் குறையைச் சொன்னேனே, அதற்குப் பதில் அதுதான். வேகமாக ஓட்டுகிறவர் கொஞ்சம் கூடக் கொடுத்து அதையே எடுப்பது நல்லது. வருஷத்தில் எட்டு மாதம் வெளியில் நிற்கும் வண்டியென்றால் ஸ்டோன், ஏனென்றால் குரோமையும் கம்பியையும் உப்புச் சாலையில் பளபளப்பாக வைத்திருப்பது தனி உத்தியோகம்.

நண்பருக்குப் பூட்டிய கராஜ் இருக்கிறது. முள் ஓடும் மீட்டர் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஸ்பெஷலுக்கு முன்பணம் கட்டிவிட்டார். முதல் 1,500 கிலோமீட்டரை அடக்கமாக ஓட்டி, முதல் சர்வீஸ் முடித்து, ஸ்ப்ளூகன் கணவாயில் பனி விலகிச் சாலை திறந்ததும் கியாவென்னா, கொலிக்கோ வழியாக ஏரிக்கரையோரம் இறங்கி மாண்டெல்லோ வருகிறாராம். ஆலைக் கதவுக்கு எதிரே சந்திப்பதாகப் பேச்சு. அடுத்த டேப்பட்டை இரண்டு பக்கமும் தானே பார்ப்பேன், நீங்கள் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஃபீலர் கேஜைத் துடைத்து வைத்திருக்கிறேன்.